ஆய்லர் சமன்பாட்டில் போட்டால் விடை வந்துவிடுகிறது. அதற்கு மேல் இந்தப் பேப்பரில் என்ன இருக்கிறது?

6 ஆகஸ்ட் 2024, மாலை (கேள்வி)

அக்கா, எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் கால்குலஸ் ஆஃப் வேரியேஷன்ஸ் (மாறல் நுண்கணிதம்) பேப்பர். ஒரு தொகையின் மதிப்பை மிகச் சிறியதாகவோ பெரியதாகவோ ஆக்கும் வளைவரையைத் தேடுவதுதான் வேலை; அந்த வளைவரை பொருந்த வேண்டிய சமன்பாடு ஆய்லர் சமன்பாடு. பழைய கேள்வித்தாள்களை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். தொகைக்குள் இருக்கும் எஃப்-இல் ஒய் இல்லையா, எக்ஸ் இல்லையா, ஒய் டேஷ் (ஒய்-யின் வகைக்கெழு) இல்லையா என்று பார்த்து, அதற்கான சூத்திரத்தில் போட்டு, தொகையிட்டு, இரண்டு முனைகளையும் பிரதியிட்டால் முடிந்தது. இது வகைக்கெழுச் சமன்பாடுதானே? இதற்கு ஏன் தனிப் பேப்பர்? இந்த நேரத்தை ஃபங்ஷனல் அனாலிசிஸுக்கு (சார்புகளையே புள்ளிகளாகக் கொண்ட வெளிகளைப் படிக்கும் பேப்பர்) கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

6 ஆகஸ்ட் 2024, இரவு

தம்பி, முதலில் ஒரு கணக்கு. எக்ஸ் வர்க்கம் பெருக்கல் ஒய் டேஷ் வர்க்கம். அதை −1 முதல் 1 வரை தொகையிட வேண்டும். இடது முனையில் ஒய் −1, வலது முனையில் ஒய் 1. தொகை மிகச் சிறியதாக இருக்க ஒய் என்ன?

உங்கள் முறையிலேயே போடுங்கள். விடை வந்ததும் நோட்டை மூடாமல், அதைத் தொகைக்குள் திரும்பப் போட்டு மதிப்பையும் பாருங்கள்.

7 ஆகஸ்ட் 2024

ஒன்றின் கீழ் எக்ஸ் என்று விடை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முறைப்படி சரி. எஃப்-இல் ஒய் இல்லை. ஆகவே எக்ஸ் வர்க்கம் பெருக்கல் ஒய் டேஷ் ஒரு மாறிலி. தொகையிட்டு முனைகளைப் பிரதியிட்டால் அதுதான் வரும். இரண்டு முனைகளும் அழகாகப் பொருந்துகின்றன. தேர்வில் முழு மதிப்பெண் கூடப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் அந்த வளைவரை பூச்சியத்தில் அறுந்து ஒரு பக்கம் கீழேயும் மறு பக்கம் மேலேயும் முடிவில்லாமல் ஓடுகிறது. தொகையின் மதிப்பும் முடிவிலி. சிறுமம் கேட்டதற்கு முடிவிலி வந்து நிற்கிறது.

இப்போது சமன்பாட்டை மறந்துவிட்டு நாமே ஒரு வளைவரை போடுவோம். −1-இலிருந்து −எச் வரை ஒய் −1 என்றே கிடக்கட்டும். −எச்-இலிருந்து எச் வரை நேர்கோடாக ஏறி 1-ஐத் தொடட்டும். பிறகு 1 என்றே கிடக்கட்டும். நடுத்துண்டில் மட்டும்தான் சரிவு இருக்கிறது; அது ஒன்றின் கீழ் எச். தொகையிட்டால் மூன்றில் இரண்டு பங்கு எச். எச் நூறில் ஒன்றானால் மதிப்பு 150-இல் ஒன்று. எச்-ஐ இன்னும் குறைத்தால் மதிப்பும் குறையும், எவ்வளவு வேண்டுமானாலும். பூச்சியத்தை மட்டும் தொட முடியாது. தொட வேண்டுமானால் ஒய் எங்கும் மாறாமல் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் −1-இலிருந்து 1-க்கு வர வழியில்லை. மூலைகள் இடிக்கின்றன என்றால் அவற்றைக் கொஞ்சம் வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள், கணக்கு பெரிதாக மாறாது.

ஆக இந்தக் கணக்குக்குச் சிறுமமே கிடையாது. அது இருக்கிறதா என்று ஆய்லர் சமன்பாடு நம்மிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அது கொடுப்பது வேட்பாளர் பட்டியல். ஜெயித்தது யார், தேர்தல் நடந்ததா என்பதெல்லாம் தனி விசாரணை. புத்தகத்தின் மீதிப் பக்கங்கள் அந்த விசாரணைக்குத்தான்.

7 ஆகஸ்ட் 2024, சற்றுப் பிறகு

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வையர்ஸ்ட்ராஸ், பெர்லின், 1870. ஒரு தொகைக்குக் கீழ்வரம்பு இருந்தால் அந்த வரம்பை அடையும் சார்பும் இருக்கும் என்று அதுவரை பெரிய ஆட்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரிச்லே கோட்பாடு என்று அதற்குப் பெயர். ரீமான் தன் சிக்கலெண் சார்புக் கொள்கையின் முக்கியமான தேற்றங்களை அதன் மேல்தான் நிறுத்தியிருந்தார். 1866-இல், 39 வயதில், ரீமான் இறந்துவிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து இந்தச் சின்னத் தொகையை வைத்து வையர்ஸ்ட்ராஸ் அடித்தளத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்.

ரீமானின் தேற்றங்கள் பொய்யாகவில்லை. நிறுவல்தான் நின்றுபோனது. 1900 வாக்கில் ஹில்பர்ட் வந்து டிரிச்லே கோட்பாட்டை எந்த நிபந்தனைகளோடு நம்பலாம் என்று சரிசெய்தார். அதே 1900-இல் பாரிஸ் மாநாட்டையொட்டி அவர் முன்வைத்த 23 கணக்குகளில் 20-ஆவது இந்த இருப்புக் கேள்வி. 23-ஆவது மாறல் நுண்கணிதத்தையே மேற்கொண்டு வளர்க்கச் சொல்லும் வேண்டுகோள்.

9 ஆகஸ்ட் 2024

நான் படித்தபோதும் இது மதிப்பெண் அள்ளும் பேப்பர் என்றுதான் பெயர். எங்களுக்கு வகுப்பெடுத்தவர் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் 'ஆகவே இது எக்ஸ்ட்ரீமல்' என்று எழுதி அடிக்கோடு போடுவார். எக்ஸ்ட்ரீமல் என்றால் ஆய்லர் சமன்பாட்டின் தீர்வு, அவ்வளவுதான். அது சிறுமமா, பெருமமா, இரண்டும் இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேள்வித்தாளும் கேட்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது ஹாஸ்டலில், வளையலால். சுழற்சிப் பரப்புக் கணக்கு உங்கள் பாடத்திலும் இருக்கும்: இரண்டு சம வட்டங்களை இணைக்கும் பரப்புகளில் மிகச் சிறியது எது? விடை கேட்டனாய்டு, சங்கிலி வளைவைச் சுழற்றினால் வருவது. ஆய்லர் 1744-லேயே கண்டது. சோப்புப் படலம் தானாகவே பரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஒரே அளவு வளையல் இரண்டைச் சோப்புத் தண்ணீரில் ஒன்றாக முக்கி எடுத்து, மெதுவாகப் பிரித்தால் அந்த வடிவம் கண்ணெதிரே நிற்கும். நடுவில் தட்டையாக ஒரு வட்டப் படலம் மாட்டிக்கொள்வது வழக்கம். உலர்ந்த விரலால் அதை மட்டும் உடைத்துவிட வேண்டும்.

இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவம் கையில் நிற்கும்போது சந்தோஷமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் பிரித்தால் பட்டென்று அறுந்து இரண்டு வளையலிலும் தனித்தனி வட்டத் தட்டாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் அறுபடும். சோப்பு சரியில்லை, கை நடுங்குகிறது என்று அறைத்தோழி சொல்லிக்கொண்டிருந்தாள். கிளிசரின் சேர்த்தாலும் அதே இடம். அப்புறம்தான் கணக்கை எடுத்து உட்கார்ந்தோம்.

10 ஆகஸ்ட் 2024

அந்தக் கணக்கு இதோ. வட்டத்தின் ஆரத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரமும் 1. ஆய்லர் சமன்பாட்டின் தீர்வு ஒய் = சி பெருக்கல் காஷ், அதற்குள் எக்ஸ் கீழ் சி. காஷ் என்பது சங்கிலி வளைவின் சார்பு, சி இடுப்பின் ஆரம். முனைகளைப் பிரதியிட்டு சி-யைத் தேடினால் ஒரு விடை இல்லை, இரண்டு: 0.848, 0.235. இடுப்பு பருத்தது ஒன்று, ஒடுங்கியது ஒன்று. இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்தும், இரண்டும் எக்ஸ்ட்ரீமல்.

பரப்புகளைப் பாருங்கள். பருத்த இடுப்புக்கு 5.99. ஒடுங்கிய இடுப்புக்கு 6.85. இணைப்பே இல்லாத இரண்டு வட்டத் தட்டுகளுக்கு இரண்டு பை, அதாவது 6.28. வேட்பாளர் இருவரில் ஒருவர், சமன்பாட்டுக்கே வராத தட்டுகளைவிட மோசம்.

தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு சி-களும் ஒன்றையொன்று நெருங்கி, தூரம் ஆரத்தைப் போல 1.325 மடங்கு ஆகும்போது ஒன்றாகிவிடும். அதற்கு மேல் தீர்வே இல்லை. படலம் அறுபட்ட இடம் அதுதான். இரண்டு ஆறு சைஸ் வளையலுக்கு உள்விட்டம் 6 சென்டிமீட்டர், ஆரம் 3. ஆக 4 சென்டிமீட்டரில் அறுபட வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பாடத்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது, இன்றுவரை விடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1.055 மடங்கைத் தாண்டிவிட்டாலே தட்டுகளின் பரப்பு கேட்டனாய்டைவிடக் குறைவு. அப்படியானால் 3.2 சென்டிமீட்டருக்கும் 4-க்கும் நடுவில் படலம் ஏன் அறுபடாமல் நிற்கிறது? பக்கத்தில் உள்ள வடிவங்களோடு ஒப்பிட்டால் அது இன்னும் சிறுமம்தான். தட்டுகளுக்குப் போக வேண்டுமானால் இடையில் பெரிய பரப்பைத் தாண்ட வேண்டும். இடச் சிறுமம், முழுச் சிறுமம் என்று வகுப்பில் சொல்வதைக் கையில் பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

11 ஆகஸ்ட் 2024

'உருளையை ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று ஒருவர். நல்ல கேள்வி, ஏனென்றால் ஆரம் 1, தூரம் 1 என்றால் உருளையின் பரப்பும் 6.28. அதோடு எக்ஸ் இல்லாத கேஸுக்கான சூத்திரத்தில் போட்டால் ஒய் கீழ் (ஒன்று கூட்டல் ஒய் டேஷ் வர்க்கத்தின்) வர்க்கமூலம் சமம் மாறிலி என்று வருகிறது. ஒய் மாறிலி என்று போட்டால் ஒய் டேஷ் பூச்சியம், சமன்பாடு பொருந்திவிடுகிறது. அப்படியானால் உருளையும் எக்ஸ்ட்ரீமலா?

இல்லை. அந்தச் சூத்திரம் வருவது ஆய்லர் சமன்பாட்டை ஒய் டேஷால் பெருக்கித் தொகையிட்டு. ஒய் டேஷ் எங்கும் பூச்சியமாக இருந்தால் பெருக்கியதே பூச்சியம். பொய்யான தீர்வு உள்ளே நுழைந்துவிடும். மூலச் சமன்பாட்டைப் பாருங்கள்: ஒய் பெருக்கல் ஒய் டபுள் டேஷ் சமம் ஒன்று கூட்டல் ஒய் டேஷ் வர்க்கம். உருளைக்கு இடது பக்கம் பூச்சியம், வலது பக்கம் ஒன்று.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் வரும் ஆபத்து இதுதான். எந்தக் குறுக்குவழிச் சூத்திரத்தில் வந்த விடையையும் மூலச் சமன்பாட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். விடைத்தாள் திருத்தும்போது உருளையை எழுதிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்கள் போட்ட அல்ஜீப்ராவில் ஒரு பிழையும் இருக்காது.

14 ஆகஸ்ட் 2024

பிராக்கிஸ்டோக்ரோன் (மிகக் குறைந்த நேரப் பாதை) பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் வகுப்பில் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

மேலே ஒரு புள்ளி, கீழே தள்ளி ஒரு புள்ளி. உராய்வில்லாமல் ஒரு மணி எந்தப் பாதையில் சறுக்கினால் சீக்கிரம் வரும்? யோகான் பெர்னூலி 1696 ஜூனில் லைப்சிக்கின் ஆக்டா எருடிடோரம் இதழில் சவாலாக விட்டது. விடை சைக்ளாய்டு, அதாவது உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள புள்ளி வரையும் வளைவு. வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க எண்களைப் போடலாம்: 2 மீட்டர் கீழே, 3.14 மீட்டர் தள்ளி. நேர்கோட்டில் 1.19 நொடி. சைக்ளாய்டில் 1.00 நொடி. நீளமான பாதை முந்திவிடுகிறது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே செங்குத்தாக விழுந்து வேகம் சேர்த்துக்கொள்கிறது. கிடைத்தூரம் ஆழத்தைப் போல பை கீழ் இரண்டு மடங்கைத் தாண்டினால், மணி போக வேண்டிய புள்ளியைவிடக் கீழே இறங்கிவிட்டு மறுபடி ஏறி வரும். அப்படிப் போனாலும் அதுதான் வேகமான பாதை.

யோகானின் நிறுவல் மிக அழகு. மணியை ஒளிக்கதிராக நினைத்துக்கொண்டார். கீழே போகப் போக வேகம் கூடும் ஊடகத்தில் ஒளி எப்படி வளையும் என்று பார்த்தார்; ஒளி குறைந்த நேரப் பாதையில் போகும் என்பது ஃபெர்மாவின் கொள்கை. இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம். எல்லா ஆசிரியர்களும் அதைத்தான் போர்டில் போடுவார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

அண்ணன் யாக்கோபு பெர்னூலியின் நிறுவல் கரடுமுரடானது. வளைவரையில் அடுத்தடுத்து இரண்டு சின்னத் துண்டுகளை எடுத்தார். நடுப்புள்ளியை மட்டும் கொஞ்சம் நகர்த்தினார். பாதை சிறந்ததாக இருந்தால் அந்தச் சின்ன நகர்வால் நேரம் முதல்படியில் மாறக்கூடாது என்றார். தம்பியின் வழி அந்த ஒரு கணக்கோடு முடிந்துபோகும். அண்ணனின் வழியை எந்தக் கணக்குக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆய்லர் பாசலில் யோகானிடம் பாடம் கேட்டவர். இருந்தும் 1744 புத்தகத்தில் அவர் வளர்த்தெடுத்தது யாக்கோபு தொடங்கிய வழியைத்தான். இந்தப் பாடத்தின் முதல் வகுப்பில் யாக்கோபின் படத்தைத்தான் வரைய வேண்டும் என்று எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. இரண்டு துண்டும் ஒரு நடுப்புள்ளியும் மனதில் இருந்தால் டெல்டா ஒய் என்ற குறியீடு பயமுறுத்தாது.

14 ஆகஸ்ட் 2024, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிராக்கிஸ்டோக்ரோன் தொகையில் கீழே ஒய்-யின் வர்க்கமூலம் இருக்கிறது. தொடக்கப் புள்ளியில் ஒய் பூச்சியம். ஆய்லர் சமன்பாட்டை வருவிக்கும்போது எஃப் எல்லா இடத்திலும் நல்லபடியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோமே, இங்கே முதல் புள்ளியிலேயே அது உடைகிறது. சைக்ளாய்டின் சரிவும் அங்கே முடிவிலி. விடை சரிதான், ஆனால் பாடப்புத்தக வருவிப்பை அப்படியே பொருத்தினால் மட்டும் அது நிறுவல் ஆகாது. அந்த இடைவெளியை அடைப்பது நல்ல செமினார் தலைப்பு.

18 ஆகஸ்ட் 2024

தம்பி, உங்கள் முறையைப் பற்றி இரண்டாவது தடவை யோசித்தேன். கணக்குகளை எந்திரம் மாதிரி போட்டுத் தள்ளியதை நான் குறைவாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கை பழகாமல் மேலே சொன்ன எதையும் பார்க்க முடியாது. கேட்டனாய்டின் இரண்டு சி-களை எண்ணாகக் கண்டுபிடித்ததால்தான் எங்களுக்கு வளையல் புரிந்தது.

ஆனால் அந்தக் கேஸ்களை மனப்பாடம் செய்வதற்குப் பதில், சமன்பாட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக வருவியுங்கள். ஒய் கூட்டல் எப்சிலான் ஈட்டா என்று போட்டு (எப்சிலான் ஒரு சின்ன எண், ஈட்டா ஏதோ ஒரு சார்பு), எப்சிலானால் வகையிட்டு, பார்ட்ஸ் (இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்) போட்டு, முனையில் ஈட்டா பூச்சியம் என்று ஒரு உறுப்பை அடித்து... ஐந்து வரிதான். வலது முனை கட்டிவைக்கப்படாத கணக்கு வந்தால் அடிக்க முடியாத அந்த உறுப்பே எல்லை நிபந்தனையைக் கொடுத்துவிடும். தனிச் சூத்திரம் தேவையில்லை.

ஈட்டா எதுவாகவும் இருக்கலாம் என்பதால் உள்ளே இருப்பது பூச்சியம் என்கிறோமே, அந்த லெம்மாவை ஒருமுறை முழுதாக நிறுவுங்கள். பார்ட்ஸ் போட வேண்டுமானால் எஃப்-ஐ ஒய் டேஷால் வகையிட்டதை மறுபடி வகையிட முடிய வேண்டும். அதற்கு ஒய்-க்கு இரண்டாம் வகைக்கெழு இருக்கிறது என்று நாம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். அதைக் கேட்காமலே சமன்பாட்டைப் பெற முடியும் என்று து போய்ஸ்-ரெய்மோன் 1879-இல் காட்டினார். பார்ட்ஸை எதிர்ப்பக்கம் போட்டார், அவ்வளவுதான்.

சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வு எழுதுபவர்களுக்கு: பாடத்திட்டத்திலேயே 'தேவையான நிபந்தனைகள், போதுமான நிபந்தனைகள்' என்று இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை.

21 ஆகஸ்ட் 2024

போதுமான நிபந்தனை என்றதும் 'லெஜாந்தர் நிபந்தனை பார்த்தால் போதாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். எஃப்-ஐ ஒய் டேஷால் இரண்டு முறை வகையிட்டால் நேர்மறை, ஆகவே சிறுமம். ஒரு மாறி நுண்கணிதத்தில் இரண்டாம் வகைக்கெழு பார்ப்பது மாதிரியே இருக்கிறது. லெஜாந்தரே 1786-இல் அது போதும் என்று நினைத்தார்.

இதைப் போட்டுப் பாருங்கள். ஒய் டேஷ் வர்க்கம் கழித்தல் ஒய் வர்க்கம். 0 முதல் 4 வரை. இரண்டு முனையிலும் ஒய் பூச்சியம். ஆய்லர் சமன்பாட்டுக்கு ஒரே தீர்வு ஒய் பூச்சியம் என்பது, தொகையும் பூச்சியம். லெஜாந்தர் எண் 2, எங்கும் நேர்மறை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இப்போது ஒய் = சைன், அதற்குள் பை எக்ஸ் கீழ் 4, என்று போடுங்கள். தொகை ஏறக்குறைய −0.77. அந்த ஒய்-யைப் பத்தால் பெருக்கினால் தொகை −77. நூறால் பெருக்கினால் இன்னும் கீழே. அடியே இல்லை.

அதே கணக்கை 0 முதல் 3 வரை போட்டால் ஒய் பூச்சியம் உண்மையிலேயே சிறுமம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? பை. தொடக்கப் புள்ளியிலிருந்து கிளம்பும் சைன் வளைவரைகள் எல்லாம் பை-யில் மறுபடி ஒன்றாகச் சேர்கின்றன. அந்த இடம்தான் கான்ஜுகேட் புள்ளி. அதைத் தாண்டிய எக்ஸ்ட்ரீமல் சிறுமம் ஆகாது. 1837-இல் ஜாக்கோபி இதைச் சொல்ல அரை நூற்றாண்டு ஆயிற்று. பூமி உருண்டையிலும் இதேதான்: பெருவட்டத்தில் போவது குறுக்குவழி, எதிர்முனையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் அதே பெருவட்டம் சுற்றுவழி.

ஒடுங்கிய இடுப்புக் கேட்டனாய்டு ஏன் சோப்பில் வராது என்பதற்கும் இதே காரணம். அதற்குள் கான்ஜுகேட் புள்ளி இருக்கிறது. பருத்ததில் இல்லை.

22 ஆகஸ்ட் 2024

இயற்பியல் படித்த ஒருவர்: 'அப்படியானால் குறைந்த செயல் கொள்கை குறைந்தது இல்லையா?' பொருள்கள் 'செயல்' என்ற தொகை மிகக் குறைவாக இருக்கும் பாதையில் போகும் என்பது அந்தக் கொள்கை. ஸ்பிரிங்கில் ஆடும் எடைக்கு மேலே போட்ட அதே தொகைதான் வரும், அளவுகள் மட்டும் மாறும். அரை அலைவு நேரத்துக்குள் பார்த்தால் உண்மைப் பாதையில் செயல் சிறுமம். அதற்கு மேல் போனால் சிறுமமும் இல்லை, பெருமமும் இல்லை. இயக்கச் சமன்பாடு கிடைக்க முதல் மாறல் (சின்ன நகர்வால் வரும் முதல்படி மாற்றம்) பூச்சியமாக இருந்தாலே போதும், அதனால் இயற்பியலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இயற்கை சிக்கனமாக நடக்கிறது என்று இதிலிருந்து தத்துவம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

27 ஆகஸ்ட் 2024

எம்.இ. கட்டமைப்புப் பொறியியல் படிக்கும் ஒரு பெண் எழுதியிருக்கிறார்: அவர்கள் பாடத்தில் ஆய்லர் சமன்பாட்டுக்கு ஒரு வாரம், ரிட்ஸ் முறைக்கு (எளிய சார்புகளை வைத்துச் சிறுமத்தைத் தோராயமாகக் கண்டுபிடிப்பது) மீதி எல்லாம். கணிதத் துறையில் நாம் செய்வது நேர் எதிர், கடைசி வாரத்தில் ரிட்ஸை ஓட்டி முடிப்போம். அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஒரு உதாரணம். 0-விலும் 1-லும் கட்டிய கம்பி. அதன் மிகக் குறைந்த அதிர்வுக்கு உரிய எண் பை வர்க்கம், அதாவது 9.87. சைன் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒய் டேஷ் வர்க்கத்தின் தொகையை ஒய் வர்க்கத்தின் தொகையால் வகுத்தால் வரும் விகிதத்தின் சிறுமம்தான் நமக்கு வேண்டும். முனைகளில் பூச்சியமாகும் எளிய சார்பு எக்ஸ் பெருக்கல் (1 − எக்ஸ்). மேலே மூன்றில் ஒன்று, கீழே முப்பதில் ஒன்று. விகிதம் 10. ஒரே வரியில், 1.3 விழுக்காடு பிழையோடு. எந்த வகைக்கெழுச் சமன்பாட்டையும் தீர்க்கவில்லை. முதன்முதலில் இதைப் போட்டபோது நம்ப முடியாமல் திரும்பப் போட்டேன்.

வால்டர் ரிட்ஸ் இந்த முறையை வெளியிட்ட கொஞ்ச நாளிலேயே, 1909-இல், 31 வயதில் காசநோயில் இறந்துபோனார். கூரன்ட் 1943-இல் முக்கோணத் துண்டுகளில் நேர்கோட்டுச் சார்புகளை வைத்து இதே வழியில் போனார். இன்றைக்குப் பாலத்துக்கும் கட்டடத்துக்கும் ஓடும் ஃபைனைட் எலிமென்ட் நிரல்களில் அந்த யோசனை இருக்கிறது.

2 செப்டம்பர் 2024

முதல் கேள்விக்கு வருகிறேன்: இதை விட்டுவிட்டு ஃபங்ஷனல் அனாலிசிஸா?

தம்பி, இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். 7-ஆம் தேதி போட்ட கணக்கில் எக்ஸ் வர்க்கத்தோடு 0.01-ஐக் கூட்டிவிட்டுப் போடுங்கள். இப்போது சிறுமம் இருக்கிறது. ஆர்க்டேன் வளைவரை, மதிப்பு 0.136. நூறில் ஒன்றைச் சேர்த்ததும் எப்படி உயிர் வந்தது? முன்பு பூச்சியத்தில் எக்ஸ் வர்க்கம் மறைந்துவிடுகிறது. அங்கே எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும் செலவு இல்லை. ஆகவே சிறுமத்தை நோக்கிப் போகும் வரிசை அந்த இடத்தில் கிழிந்துபோகிறது. இப்போது சரிவுக்கு எல்லா இடத்திலும் ஒரு விலை இருக்கிறது, வரிசை கட்டுக்குள் நிற்கிறது, அதிலிருந்து வீக்காக ஒருங்கும் துணைவரிசை ஒன்றை எடுக்கலாம், எல்லைச் சார்பில் தொகை மேலே தாவாது, சிறுமம் கிடைத்துவிட்டது.

இந்த நான்கு படிகளும் ஃபங்ஷனல் அனாலிசிஸ் பேப்பரில் தனித்தனித் தேற்றங்களாக வரும். ரிஃப்ளெக்சிவ் வெளி (அப்படித் துணைவரிசை எடுக்க இடம் கொடுக்கும் வெளி) எதற்கு, வீக் ஒருங்கல் எதற்கு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்குதான் காரணம். ஹில்பர்ட் தொடங்கி டொனெல்லி வளர்த்த நேரடி முறை என்பது இதுவே.

புத்தகம் கேட்டீர்கள்: கெல்ஃபாண்ட்–ஃபோமின். உங்கள் பாடத்திட்டம் நிற்கும் இடத்தைத் தாண்டி ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களைப் படியுங்கள். இரண்டாம் மாறலும் போதுமான நிபந்தனைகளும் அங்கேதான்.

5 செப்டம்பர் 2024

'அறுந்த விடையும் மூலை உள்ள விடையும் ஒன்றா அக்கா? இரண்டையும் ஒதுக்கிவிடலாமா?' இல்லை. இந்தக் கேள்விக்கு நான் இந்த ஒரு மாதமும் காத்திருந்தேன்.

ஒய் வர்க்கம் பெருக்கல் (1 − ஒய் டேஷ்) வர்க்கம். −1 முதல் 1 வரை. இடது முனையில் 0, வலது முனையில் 1. பூச்சியம் வரை ஒய் 0 என்று கிடக்கட்டும், அப்புறம் ஒய் = எக்ஸ் என்று ஏறட்டும். இடது பாதியில் முதல் காரணி பூச்சியம், வலது பாதியில் இரண்டாவது. தொகை பூச்சியம். வர்க்கங்களின் தொகை என்பதால் இதற்குக் கீழே போக முடியாது. உண்மையான சிறுமம், நடுவில் மூலையோடு. வழவழப்பான எந்த வளைவரையும் இந்த மதிப்பைத் தொடாது. வையர்ஸ்ட்ராஸ் கணக்கில் சிறுமமே இல்லை. இங்கே சிறுமம் இருக்கிறது, நாம்தான் வழவழப்பானவற்றுள் மட்டும் தேடிக்கொண்டிருந்தோம். மூலையில் என்னென்ன தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது வையர்ஸ்ட்ராஸ்–எர்ட்மான் நிபந்தனை. இந்த வளைவரைக்குச் சரிபாருங்கள், ஒரே வரிதான்.

பிறகு 1 இருந்த இடத்தில் 2 எக்ஸ் என்று மாற்றிவிட்டு, அதே முனைகளோடு போடுங்கள். வரும் வளைவரைக்கு மூலை இருக்காது, முதல் வகைக்கெழு தொடர்ச்சியாக இருக்கும், இரண்டாவது பூச்சியத்தில் தாவும். 18-ஆம் தேதி எழுதிய து போய்ஸ்-ரெய்மோன் விஷயம் இங்கே எங்கே தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். விடையை நான் போட மாட்டேன்.